கலைக்கிறதா, வைச்சிருக்கிறதா

8 டிசம்பர் 2024, ஞாயிறு

கடை பூட்டி வந்து இதை எழுதும்போது இரவு பதினொன்றரை. லண்டன் ஃபோர் ஸ்ட்ரீட்டில் யாரோ இன்னமும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறார்கள். செல்சிக்காரராக இருக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஹோர்ன் அடிக்க இன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

பதினொரு நிமிடத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் ரொட்டன்ஹாம் 2-0. செல்சியின் குக்குறேயா இரண்டு தரம் வழுக்கி விழ, இரண்டும் கோலாகியது. ஆள் போய்ச் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு அவர் விழவில்லை, நாங்கள்தான் விழுந்தோம். 3-4.

எங்கள் பின்வரிசை ரொமேரோவும் வன் டி வெனும் காயம் மாறித் திரும்பி வந்த ஆட்டம் இது. ரொமேரோ கால் மணித்தியாலத்தில் நொண்டிக்கொண்டு வெளியே போனார். மற்றவர் 79ஆவது நிமிடத்தில். கல்லாவுக்குப் பின்னால் நின்று ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவுக்கு ஐந்து பவுண் மிச்சம் கூடக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மனேஜர் அஞ்ச் போஸ்டகொக்லூ வந்த புதிதில் இந்தத் தெருவே அவரைத் தலையில் வைத்து ஆடியது. முதல் பத்து லீக் ஆட்டத்தில் 26 புள்ளி. போன வருடம் இதே செல்சியோடு ஒன்பது பேராகக் குறைந்த பிறகும் பின்வரிசையை நடுக்கோட்டில் நிறுத்தினார். 1-4 தோற்றும் சனம் எழும்பி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன், எங்கள் வீட்டுச் சோபாவில். ஒரு வருடத்துக்குப் பிறகும் அதே நடுக்கோடு, அதே ஓட்டம். தட்டக் கை வருகுதில்லை.

சித்தப்பா போன் எடுத்தார். பாசையூர்க் கடற்கரை மணலில் பந்தடித்து வளர்ந்த மனிசன். உதைபந்தாட்டம் என்றால் அவருக்குப் பின்வரிசைதான்.

"தம்பி, வலையைக் கரையில விட்டிட்டு மீன் பிடிக்கப் போற கதையடா இது."

சீசன் முடிய முதல் அஞ்சைக் கலைத்துவிடுவார்கள் என்றேன். "இடையில ஆரைக் கொண்டு வாறது? கலைக்க மாட்டாங்கள்" என்றார். பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்றவர் ஒரு பெட்டி உயிர் நண்டு வாங்கவேண்டும்.

15 டிசம்பர், ஞாயிறு

சவுத்ஹாம்ப்டனில் 5-0. ஐந்தும் இடைவேளைக்கு முதலே. இரவே அவர்கள் தங்கள் மனேஜர் ரசல் மார்ட்டினைக் கலைத்துவிட்டார்கள். எங்களுடைய ஆள் போவதற்குப் பதிலாக, எங்களிடம் தோற்ற ஆள் போகிறார். சித்தப்பா வட்ஸ்அப்பில் ஒரு நண்டுப் படம் மட்டும் அனுப்பியிருக்கிறார்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

மகளோடு மைதானத்துக்குப் போய் வந்தேன். எங்கள் கடைக்குப் பேப்பரும் பாலும் வாங்க வருகிற வெள்ளைக்காரக் கிழவருக்கு இரண்டு சீசன் ரிக்கெட். பேரனுக்குக் காய்ச்சல் என்று எங்களிடம் தந்தார். இல்லாவிட்டால் எங்கள் வருமானத்துக்கு இது எங்கே கட்டும்?

எதிரில் லெஸ்டர். தொடர்ந்து ஏழு லீக் ஆட்டம் தோற்றுவிட்டு வந்தவர்கள். ரிச்சார்லிசன் தலையால் போட்டு 1-0. இடைவேளை முடிந்து சனம் தேத்தண்ணியோடு இருக்கைக்குத் திரும்ப முதலே வார்டி சமப்படுத்திவிட்டார். நாலு நிமிடத்தில் இன்னொன்று. 60,000 பேருக்கு மேல் கொள்கிற இடம் எவ்வளவு அமைதியாக இருக்கலாம் என்று இன்றைக்குத்தான் கண்டேன். பிறகு சத்தம் வந்தது, ஊளையாக. மகளுக்குப் பதினொரு வயது. எங்கள் கப்டன் சொன்னுக்காக ரொட்டன்ஹாம் பக்கம் வந்தவள். "அப்பா, எங்கட ஆக்களே ஏன் எங்கட ஆக்களைக் கூ அடிக்கினம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, நானும் அடித்துக்கொண்டிருந்தபடியால்.

இன்றைய நிலை: 15ஆம் இடம். சவுத்ஹாம்ப்டனை வென்ற பிறகு ஏழு லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. இதற்குப் பிறகும் வைத்திருப்பதென்றால் என்ன செய்தால்தான் கலைப்பார்கள்? காயங்களைச் சொல்கிறார்கள். 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்துப் பிள்ளை, பின்வரிசை நடுவில் நின்று உயிரைக் கொடுத்து ஆடுகிறான், உண்மை. கோல் காப்பாளர் விக்காரியோவுக்குக் கணுக்கால் முறிவு, அதுவும் உண்மை. ஆனால் ஒரே தசைநார் ஒரே மாதிரி ஆள் மாறி ஆள் கிழிகிறதென்றால், ஓடவிடுகிற ஆளைப் பார்க்கத்தான் வேண்டும்.

என் தீர்ப்பு: நாளைக் காலையே கலைக்கவேண்டும்.

27 ஜனவரி, திங்கள்

கிழவர் காலையில் வந்தார். ரிக்கெட்டுக்கு நன்றி சொல்லி என் தீர்ப்பையும் சொன்னேன். பால் போத்தலைக் கல்லாவில் வைத்துவிட்டு, பின்னால் வரிசை நிற்பதையும் பார்க்காமல் கதை சொன்னார்.

1976இல் கீத் பேர்கின்ஷோ பொறுப்பெடுத்தார். முதல் சீசனிலேயே கழகம் கடைசி இடத்தில் முடிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இப்போதென்றால் கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்காது. அப்போது அவரை வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் மூன்றாம் இடம், கோல் வித்தியாசத்தில் மயிரிழையில் தப்பி மேலே வந்தது. அதே கோடையில் உலகக் கிண்ணம் வென்ற ஆர்ஜென்டீனாவில் இருந்து ஆர்டிலெஸையும் வியாவையும் அந்த மனிசன்தான் கொண்டுவந்தார். 1981இலும் 1982இலும் எஃப்.ஏ. கிண்ணம், 1984இல் யூஏபா கிண்ணம். இறங்கிய வருடம் கிழவருக்குப் பதினாறு வயதாம். அன்றைக்கு அவரும் கூ அடித்தாராம்.

நல்ல கதைதான். ஆனால் கடையில் நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பொறுத்திருந்து உருப்பட்டவர்களைத்தான் கதையாகச் சொல்கிறோம். பொறுத்திருந்து நாசமாய்ப் போன கழகத்தின் கதையை ஆர் பால் வாங்க வந்த இடத்தில் சொல்லுவினம்?

6 பெப்ரவரி, வியாழன்

லீக் கிண்ண அரையிறுதி, லிவர்பூலின் அன்ஃபீல்டில் 0-4. எழுத ஒன்றுமில்லை.

3 ஏப்ரல், வியாழன்

திரும்பவும் செல்சி, 0-1. பேர்க்வாலை எடுத்து பாப் சாரை இறக்கியபோது, பயணம் போன எங்கள் சனமே "என்ன செய்யுறாய் எண்டு உனக்கே தெரியாது" என்று பாட்டாய்ப் பாடியது. கொஞ்ச நேரத்தில் சார் தூரத்தில் இருந்து ஒன்று போட்டார். மனேஜர் திரும்பி, சனத்தைப் பார்த்துக் காதில் கை வைத்துக் காட்டினார். இப்ப பாடுங்கோவன் என்கிற மாதிரி. பிறகு காணொளி பார்த்து அந்தக் கோலையும் அழித்துவிட்டார்கள்.

காதில் வைத்த கையை அவர் கீழே இறக்குவதை ரீவி காட்டவில்லை. எனக்கு அதுதான் பார்க்கவேண்டியிருந்தது.

14 ஏப்ரல், திங்கள், வருடப்பிறப்பு

சித்தப்பா வீட்டில் சாப்பாடு. நேற்று வூல்வ்ஸோடு 2-4 தோற்றதில் பாயாசத்துக்கும் ருசி இல்லை. மகள் ஒரு கொப்பியில் தான் பிறந்த பிறகு இருந்த மனேஜர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 2019 ஜூனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கூட்டிப்போன பொச்செற்றீனோவை அந்த நவம்பரிலேயே கலைத்தார்கள். மொரீனியோவை 2021இல் லீக் கிண்ண இறுதிக்கு ஆறு நாள் இருக்கும்போது. நூனோ நாலு மாதம். கொன்ரே 2023 மார்ச் வரை. மொரீனியோ போன இடத்தில் 29 வயது ரயன் மேசன், கிண்ண இறுதியில் ஒரு பெடியனைக் கொண்டுபோய் நிறுத்தி 0-1.

சித்தப்பா கொப்பியை வாங்கிக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பேரையும் கலைச்சு என்னத்தைக் கண்டவங்கள்?"

"அப்ப வைச்சிருக்கச் சொல்லுறியளோ?"

"சீசன் முடியுமட்டும் வைச்சிருக்கச் சொல்லுறன். பிறகு கலைக்கத்தான் வேணும்."

கழகத் தலைவர் டானியல் லெவி 2001இல் இருந்து இருக்கிறார் என்பதை மகள் கொப்பியின் அடியில் தனியாக எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் நான் யோசித்திருக்கவில்லை. பின்வரிசைக்கு நடுவில் நிற்க ஆள் இல்லை என்று டிசம்பரிலேயே தெரியும். டான்சோ வந்தது பெப்ரவரி பிறந்த பிறகு. மனேஜரைக் கலைக்கிறதா வேண்டாமா என்று மாசக்கணக்காய் நாங்கள் அடிபட்டதில், கடைக்குச் சாமான் எடுக்கிற ஆளை ஒருவரும் கேட்கவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

பிராங்க்பேர்ட்டில் 1-0, சொலாங்கேயின் பெனால்டி. ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணமான யூரோப்பா லீக்கில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இன்றைக்கு எங்கள் ஆட்கள் பின்னால் நின்று ஆடினார்கள்! நேரம் கடத்தினார்கள், பந்தை வெளியே அடித்தார்கள், மூலை உதைக்கு எல்லாரும் இறங்கினார்கள். "நாங்கள் இப்பிடித்தான்" என்று சொல்லி ஒன்பது பேரோடும் நடுக்கோட்டை விடாத ஆள் இவர்தானா? சித்தப்பாவுக்குக் குஷி. எனக்குக் கோபம். இது தெரியும் என்றால் லெஸ்டரோடு ஏன் செய்யவில்லை?

21 மே, புதன்

பில்பாவோ. யூரோப்பா லீக் இறுதி. எதிரில் மன்செஸ்டர் யுனைட்டெட்.

இந்த வருடம் அவர்களை ஏற்கெனவே மூன்று தரம் வென்றிருக்கிறோம். அவர்களும் எங்களைப் போலத்தான், லீக்கில் கீழே கிடக்கிறார்கள். மடிசன், குலுசெவ்ஸ்கி, பேர்க்வால் மூவரும் இல்லை. 42ஆவது நிமிடத்தில் சார் உள்ளே அனுப்பியது ஜோன்சன் காலிலும் லூக் ஷோ மேலிலும் பட்டுத் தடக்குப்பட்டு உள்ளே போனது. வடிவான கோல் இல்லை, ஆனாலும் கோல். அதன் பிறகு பந்து எங்கள் கையில் இருந்ததாய் ஞாபகமே இல்லை. 68ஆவது நிமிடத்தில் ஹொய்லுண்ட் தலையால் அடித்தது கோட்டைக் கடக்கப் போக, வன் டி வென் காற்றில் மல்லாந்து காலால் எடுத்தார். மனைவி சமையலறையில் இருந்து ஓடிவந்தாள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து. 78இல் அஞ்ச் ஜோன்சனை எடுத்து டான்சோவை இறக்கினார். பின்னால் ஐந்து பேர்.

1-0. பதினேழு வருடத்துக்குப் பிறகு ஒரு கிண்ணம். சொன் அழுதார். மகள் அழுதாள். செப்டம்பரில் ஆர்செனலோடு தோற்றபோது, "இரண்டாவது வருடத்தில் நான் எப்பவும் ஏதாவது வெல்லுவேன்" என்று அஞ்ச் சொன்னதை ஊரே நக்கலடித்தது. நான் கடையில் நாலு பேருக்கு அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

23 மே, வெள்ளி

ஊர்வலம் எங்கள் எட்மன்டன் கிரீனில் இருந்துதான் புறப்பட்டது. கடையைப் பூட்டினேன், தண்ணீர்ப் போத்தல் விற்கக்கூடிய நாளாய்ப் பார்த்து. மகள் என் தோளில். பதினொரு வயதுப் பிள்ளையின் பாரம் இப்பவும் கழுத்தில் இருக்கிறது. மின்கம்பம், பஸ் தரிப்பிடத்துக் கூரை, எல்லாவற்றிலும் பெடியள். பஸ் எங்களைக் கடக்கும்போது அஞ்ச் முன்பக்கம் ஓரமாய் நின்றார். கையாட்டியதைவிட கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

மைதானத்தடியில் பேசும்போது, நல்ல தொடர் நாடகங்களில் மூன்றாவது சீசன் இரண்டாவதைவிட நன்றாக இருக்கும் என்றார். பக்கத்தில் நின்ற கிழவர் என் முதுகில் ஒரு அடி போட்டார்.

25 மே, ஞாயிறு

கடைசி ஆட்டம், பிரைட்டனிடம் 1-4. பதினேழாம் இடம். 38 ஆட்டத்தில் 22 தோல்வி. போட்டது 64, வாங்கியது 65. ஒரு கோல் வித்தியாசத்தோடு பதினேழாம் இடத்துக்கு எப்படிப் போவது என்று எங்களிடம்தான் படிக்கவேண்டும்.

சீசன் முடிந்தது, ஆள் இருக்கிறார். நண்டு என் கணக்கில்.

6 ஜூன், வெள்ளி

கலைத்துவிட்டார்கள்.

கிண்ணம் வென்று பதினாறு நாள். பொறுப்பெடுத்து இன்றைக்குச் சரியாய் இரண்டு வருடம். கழகத்தின் அறிக்கையில் கடைசி 66 லீக் ஆட்டத்தில் 78 புள்ளி என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். கணக்குப் பிழை இல்லை. இரண்டு வருடத்து 76 ஆட்டத்தில், 26 புள்ளி எடுத்த முதல் பத்தைத் தனியே வெட்டி வைத்துவிட்டு எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தத் தேதியில் இருந்து எண்ணுகிறோம் என்பதில் இலாபத்தை நட்டமாக்கலாம் என்று கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா?

ஜனவரியில் கலைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். அப்போது நானே கேட்டேன். ஆனால் அப்போது வைத்திருந்து, லீக்கை விட்டுக் கிண்ணத்தைப் பிடிக்கிற வேலைக்கு அவரைப் பாவித்து, சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் அதன் காசையும் வாங்கிக்கொண்டு, பிறகு லீக்கைக் காட்டிக் கலைப்பது வேறு கதை. 2008இல் கிண்ணம் வென்ற மனேஜர் ராமோஸுக்கு எட்டு மாதமாவது கொடுத்தார்கள்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, 22 தரம் தோத்தவன். உனக்கு ஊர்வலம் கண்ணை மறைக்குது." பிராங்க்பேர்ட்டில் தெரிந்த வித்தை லெஸ்டரோடு ஏன் வரவில்லை என்று என் கேள்வியையே எனக்குத் திருப்பிப் போட்டார். அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. இருந்தும் கோபம் போகவில்லை.

12 ஜூன், வியாழன்

பிரென்ட்ஃபோர்டில் இருந்து தோமஸ் ஃபிராங்க் வருகிறார். மகள் கொப்பியில் எழுதிவிட்டாள், பக்கத்தில் முடிவுத் தேதிக்கு இடம் விட்டு.

கிழவர் வந்து பாலும் பேப்பரும் வாங்கினார். முன்பக்கத்தில் புதிய ஆளின் படம். பேப்பரை மடித்து, படம் உள்ளே போகும்படி மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் சித்தப்பா வீட்டுக்கு நண்டுப் பெட்டியோடு போனேன். சீசன் முடிந்த பிறகு கலைத்ததால் பந்தயம் அவருக்குத்தான், அதில் வாதம் இல்லை. பாதி விலையைத் தர வந்தார், வாங்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது ஒன்று வெளியே பாய்ந்து குசினி அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது. மகளும் சித்தப்பாவும் தும்புத்தடியோடு நிலத்தில் படுத்துக்கிடந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கலைக்காதேங்கோ தாத்தா, அதுவா வரும்" என்கிறாள்.

இன்னும் வரவில்லை.