பெட்டியில் போட்டிருந்த 1500 லிட்டர்

“தண்ணீரில் போட்ட ஃபில்டரைத் திருப்பி எடுக்கமாட்டோம் சார்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைக்காரர் அடுத்தவருக்குக் கப்பி மீன் பிடித்துக் கொடுக்கப் போய்விட்டார். பில் கையில் இருக்கிறது. என் மீன் தொட்டிக்கு அந்த ஃபில்டரை வாங்கி 11 நாள்தான் ஆகிறது. காலையில் இரண்டு மீன் செத்ததைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பி வந்திருக்கிறேன். தண்ணீரில் போடாமல் ஒரு ஃபில்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரம்பூரிலிருந்து, அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு அந்த வாரத்தில் அது எனக்கு மூன்றாவது நடை.

என் தொட்டி 4 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர். மணலும் கல்லும் அடைத்த இடம், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக, உண்மையில் நிற்பது 200 லிட்டர்தான். அதில் 28 ஆப்பிரிக்கன் சிக்லிட். மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் எம்புனா வகை. கூட்டம் அதிகம் என்று தெரிந்தேதான் விட்டேன். எம்புனாவை எட்டு, பத்து என்று விட்டால், வலுத்தது ஒன்று இளைத்ததைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். கூட்டமாக இருந்தால் அடி பங்காகிவிடும், எதற்கும் பெரிதாகப் படாது. ஆனால் அத்தனை மீனின் கழிவும் அந்த 200 லிட்டருக்குள்தான் கரைய வேண்டும்.

குஞ்சுகளாக இருந்தவரை, தொட்டியோடு வந்த, மேலே வைக்கும் டாப் ஃபில்டரே தாங்கியது. மூன்று அங்குலம் வளர்ந்ததும் காலை நேரங்களில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. அப்போதுதான் கடைக்குப் போனேன். மணிக்கு 1500 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்த, தண்ணீருக்குள்ளேயே வைக்கும் இன்டர்னல் ஃபில்டரை எடுத்துக் கொடுத்தார்கள். 200 லிட்டர் தொட்டி, மணிக்கு ஏழரை தடவை மொத்தத் தண்ணீரும் சுற்றி வரும், இதற்குமேல் என்ன வேண்டும் என்று நானும் நம்பி வாங்கினேன்.

அந்த ஃபில்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கைப்பிடி அளவு ஸ்பாஞ்ச். அவ்வளவுதான். நான்கு நாளில் அடைத்துக்கொண்டது. கழற்றி, குளோரின் கலந்து வரும் மெட்ரோ தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவினேன். மறுபடி அடைத்தது, மறுபடி கழுவினேன். பதினோராவது நாள் காலையில் எல்லோ லேப் என்ற எம்புனா ஒன்று, மஞ்சள் நிறம் வெளுத்து, செவுள் சிவந்து, ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. கையில் எடுத்தபோதும் வாய் ஒருமுறை அசைந்தது. இன்னொன்று பாறைக்குப் பின்னால் ஏற்கெனவே செத்து மிதந்தது.

மூச்சுத் திணறல் என்றால் காற்றுதான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருபது வருடமாக மீன் வளர்க்கும் ஓர் அண்ணன்தான், கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய என்னை உட்காரவைத்து, என் தொட்டித் தண்ணீரில் மீன் கழிவின் நச்சு எவ்வளவு என்று அம்மோனியா கிட்டில் சோதித்துக் காட்டினார். சிறு குழாயில் 5 மில்லி தண்ணீர், இரண்டு பாட்டில்களிலிருந்தும் சொட்டுகள், ஐந்து நிமிடம் காத்திருப்பு. மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. என்னுடையது வாழை இலைப் பச்சைக்குப் போய்விட்டது.

“பம்ப் தண்ணீரைத் தள்ளத்தான் தள்ளும் தம்பி. சுத்தம் செய்வது ஸ்பாஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா. நீதான் வாரம் இரண்டு தடவை குளோரின் தண்ணீரில் கழுவிக் கொன்றுவிடுகிறாயே” என்றார்.

எனக்கு விளங்கியவரை விஷயம் இதுதான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டை நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். இந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும் ஆக்சிஜனும். என் ஃபில்டரில் வேகம் இருந்தது, இடம் இல்லை. எம்புனாவுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. அமில-கார அளவான பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. என் தொட்டியைப் போல 8.2 பி.எச்., 30 டிகிரி வெப்பம் என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நச்சாக மாறிவிடும். அன்றே பாதித் தண்ணீரை மாற்றினேன், இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். மற்ற 26 மீன்களும் பிழைத்தன.

அடுத்து என்ன வாங்குவது என்பதில் இரண்டு வாரம் போயிற்று. கூட்டம் அதிகமுள்ள தொட்டிக்கு சம்ப்தான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி வைத்து, மேல் தொட்டித் தண்ணீரை அதில் இறக்கி, பம்பால் திரும்ப ஏற்றுவதுதான் சம்ப். பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் வளையங்களான பயோ ரிங்கை அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பலாம், திறந்தே இருப்பதால் ஆக்சிஜனும் குறையாது. காலித் தொட்டியோடு புதிதாகத் தொடங்குகிறவர்கள் தண்ணீர் கீழே இறங்கத் துளை போட்ட தொட்டியாகவே செய்யச் சொல்லி சம்ப் வைத்துவிடுங்கள். நான் இருப்பது மூன்றாம் மாடி வாடகை வீடு, தொட்டியோ மீனோடு ஓடிக்கொண்டிருக்கிறது. துளை போடாமல் விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் காற்று சேர்ந்து, தண்ணீரை இழுத்துக் கீழே இறக்கும் சைஃபன் அறுந்தால், கீழேயிருந்து பம்ப் ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல் தொட்டி வழிந்து வீடு நனைந்துவிடும். அந்தப் பயத்தில் விட்டுவிட்டேன்.

தொட்டிக்கு வெளியே, ஸ்டாண்டுக்குள் வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டர் என்று முடிவானதும் இரண்டு மாடல்கள் முன்னால் நின்றன. ஒன்று 2000 லிட்டர் வேகம், யு.வி. (புறஊதா) விளக்கு வேறு, ஆனால் டப்பாவின் கொள்ளளவு 6 லிட்டர். மற்றது 1400 லிட்டர் வேகம், கொள்ளளவு 11 லிட்டர். கடையில் முதலாவதைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். யு.வி. பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும், மிதக்கும் கிருமியைக் கொல்லும்; அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. இரண்டாவதை வாங்கினேன். மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரும் தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டாண்டுக்குள் போகவில்லை. டப்பா 46 செ.மீ., ஸ்டாண்டின் உட்தட்டு 50 செ.மீ. என்று அளந்துதான் வாங்கினேன். மேலே ஹோஸ் வளைந்து திரும்ப இன்னும் ஒரு சாண் இடம் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. மடக்கித் திணித்தால் ஹோஸ் நசுங்கித் தண்ணீர் நின்றுவிடுகிறது. தச்சர் வந்து தட்டைக் கழற்றிப் பின்பலகையில் துளை போட இரண்டு நாள் ஆயிற்று. ஹோஸோடு சேர்த்து உயரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக வேகத்தை அளந்தேன். தண்ணீர் வரும் குழாயைத் தொட்டி விளிம்பு உயரத்திலேயே பிடித்து, 15 லிட்டர் வாளியை நிரப்பினேன். 58 நொடி. அதாவது மணிக்கு 930 லிட்டர். பெட்டியில் இருக்கும் 1400, உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் பம்பில் வரும் கணக்கு. ஸ்பாஞ்சும் ரிங்கும் நிரப்பினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நான்கரை தடவை சுற்றுகிறது. எம்புனா கூட்டத்துக்கு இது கொஞ்சம் குறைவுதான். அதற்குத்தான் அந்தப் பழைய இன்டர்னல் ஃபில்டரை எதிர்மூலையில் போட்டிருக்கிறேன். கல் இடுக்கில் படியும் கழிவைக் கிளப்பிவிட அது நன்றாகவே உதவுகிறது.

புதிய கேனிஸ்டரில் பாக்டீரியா இருக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். டாப் ஃபில்டரை எடுக்காமல் இரண்டையும் ஆறு வாரம் சேர்த்து ஓட்டினேன். அதன் பழைய ஸ்பாஞ்சைக் கேனிஸ்டர் தண்ணீரிலேயே பிழிந்துவிட்டேன். கறுப்பாக, பார்க்கச் சகிக்காத அழுக்கு, ஆனால் வேண்டியது அதுதான். தட்டுகளில் தண்ணீர் முதலில் படும் இடத்தில் முரட்டு ஸ்பாஞ்ச், அடுத்து மெல்லியது, கடைசியில் பயோ ரிங். வரிசை மாறினால் ரிங் முழுக்கச் சேறு பூசிக்கொள்ளும்.

நான்காவது வாரம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள், நான் அலுவலகத்தில் இருந்தேன். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் சாக்கடை வாடை. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து அழுகிய தண்ணீர், மின்சாரம் வந்ததும் தானாக ஓடித் தொட்டிக்குள் கொட்டியிருந்தது. இரவு 11 மணிவரை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். மீன் எதுவும் சாகவில்லை. மறுநாளே கேனிஸ்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். 30 வாட்தான் இழுக்கிறது. கூடவே ஏர் பம்பில் ஓடும் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களும் அதே லைனில். கேனிஸ்டர் சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

ஆறாவது வாரம் சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றது. நம்பாமல் இன்னொரு முறை செய்தேன், அப்போதும் மஞ்சள். குழாயை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டிவிட்டு வந்தேன்.

இப்போது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கேனிஸ்டரைத் திறக்கிறேன். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே நான்கு முறை பிழிவேன். ரிங்கை வெறுமனே முக்கி எடுப்பதோடு சரி. ஓ-ரிங்கை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு மூடுவேன். ஒரே ஒரு மணல் பரல் ஒட்டியிருந்து ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் கசிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். திறந்த தேதியை மூடியிலேயே மார்க்கரால் எழுதி வைக்கிறேன்.