சதுப்புநில மாளிகையில் ஒரு கோழை: பாப் ஹோப் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி

இரவு உணவு முடிந்த பின் 'தி கேட் அண்ட் தி கனேரி' பார்த்தேன். எலியட் நுஜென்ட் இயக்கி, பாரமவுண்ட் நிறுவனம் 1939 நவம்பரில் வெளியிட்ட படம். ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடுவதில்லை. லூசியானாவின் முதலைகள் நிறைந்த சதுப்புநிலத்துக்கு நடுவே ஒரு பழைய மாளிகை நிற்கிறது. அதன் உரிமையாளர் சைரஸ் நார்மன் இறந்து பத்து ஆண்டுகள் கழிந்த ஒரு நள்ளிரவில், உறவினர்கள் சுற்றி அமர்ந்திருக்க, வழக்கறிஞர் கிராஸ்பி உயிலைப் பிரித்துப் படிக்கிறார். சொத்து முழுவதும் ஜாய்ஸ் என்ற இளம்பெண்ணுக்கு. ஆனால் 30 நாட்களுக்குள் அவள் இறந்துவிட்டாலோ புத்தி பேதலித்துப் போனாலோ, இரண்டாவது உறைக்குள் பெயர் எழுதப்பட்டிருக்கும் வேறொருவருக்கு எல்லாம் போய்விடும். போதாக்குறைக்கு, அருகிலுள்ள மனநோய் விடுதியிலிருந்து 'பூனை' என்று அழைக்கப்படும் ஒருவன் தப்பிவிட்டதாக ஒரு காவலாளி வந்து சொல்கிறான்.

ஜாய்ஸாக நடிப்பவர் பாலெட் காடர்ட். உறவினர்களில் ஒருவரான வாலி கேம்பல், தொழிலால் நடிகர், இயல்பால் கோழை. அந்தப் பாத்திரத்தில்தான் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் வருகிறார். கொலைகாரன் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. 85 ஆண்டுகள் ஆகிவிட்டாலும், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

13 அக்டோபர், ஞாயிறு

இன்று மதியம் அக்கா மகளுடன் அமர்ந்து மறுபடியும் பார்த்தேன். பதினான்கு வயதுப் பெண். கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் முகம் சுளித்தவள், நூலகத்துச் சுவரின் அலமாரி ஓசையின்றித் திறந்து வழக்கறிஞரை உள்ளே இழுத்துக்கொண்ட இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாதது: "மாமா, இவர் நிஜமாகவே பயப்படுகிறாரா, சிரிக்க வைப்பதற்காகப் பயப்படுகிறாரா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நகைச்சுவை நடிகர் பயப்படும் காட்சிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்: முழங்கால் தட்டும், கண் பிதுங்கும், பார்வையாளருக்கு ஆபத்து மறந்துபோகும். இந்தப் படத்தில் அப்படி நடக்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலிருந்து நகம் நீண்ட கை ஒன்று ஜாய்ஸின் கழுத்தணியை நோக்கி வரும்போது, சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

16 அக்டோபர், புதன்

அந்தக் கேள்வியை மூன்று நாட்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். படத்தின் வரலாற்றில்தான் விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தக் கதை ஜான் வில்லார்ட் எழுதி 1922இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறிய நாடகம். ஜெர்மனியிலிருந்து வந்த பால் லேனி 1927இல் அதை யுனிவர்சல் நிறுவனத்துக்காக மௌனப் படமாக எடுத்தார். நிழல்களும் நீண்ட தாழ்வாரங்களும் காற்றில் புடைக்கும் திரைச்சீலைகளுமாக இன்றும் கண்ணுக்கு விருந்தாக இருக்கும் படம் அது. 1930இல் 'தி கேட் க்ரீப்ஸ்' என்ற பெயரில் பேசும் படமாகவும் வந்தது. அதில் சில துணுக்குகளே இப்போது எஞ்சியிருக்கின்றன. ஆக, 1939இல் ஹோப்பிடம் இந்தக் கதை வந்து சேர்ந்தபோது அதற்கு வயது 17. நள்ளிரவு உயில், சுழலும் சுவர், அலமாரியிலிருந்து சரிந்து விழும் பிணம் ஆகிய அனைத்தையும் அமெரிக்க ரசிகர்கள் பலமுறை பார்த்துச் சலித்திருந்தனர்.

இந்தச் சலிப்பை மறைக்க முயலாமல் அதையே கதைக்குள் கொண்டுவந்ததுதான் படத்தை எழுதியவர்களின் சாமர்த்தியம். வாலி ஒரு நடிகர் என்பதால் இத்தகைய நாடகங்கள் அவருக்குப் பழக்கம்; அடுத்து என்ன நடக்கும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். அரங்கில் அமர்ந்திருக்கும் நம் மனத்தில் எழும் கிண்டலை அவர் வாய் முந்திக்கொள்கிறது. ஆனால் அவர் ஊகித்தது அப்படியே நடக்கும்போது அவருக்கு உதறல் எடுக்கிறது, நமக்கும் கொஞ்சம் எடுக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவரே பயப்படுகிறார் என்றால் பயப்பட ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

19 அக்டோபர், சனி

இன்று இரண்டு வசனங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

முதலாவது: பெரிய காலி வீடுகள் உங்களைப் பயமுறுத்தவில்லையா என்று சிசிலி என்ற உறவுக்காரப் பெண் கேட்கிறாள். இல்லை, நான் வாட்வில்லில் இருந்தவன் என்கிறார் வாலி. பாட்டு, நடனம், வித்தை, சிரிப்புத் துணுக்கு என்று அடுத்தடுத்து நடக்கும் மேடைக் கதம்பத்துக்கு அமெரிக்காவில் வாட்வில் என்று பெயர். சினிமாவும் வானொலியும் அதை விழுங்கின; அதன் தலைமைக் கோயிலாக விளங்கிய நியூயார்க்கின் பேலஸ் அரங்கமே 1932இல் திரைப்படத்துக்கு மாறிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்பது வீட்டையும் குறிக்கும், நாடகக் கொட்டகையையும் குறிக்கும். நம் திரையரங்கு வாசலில் தொங்கும் 'ஹவுஸ்ஃபுல்' பலகையில் இருப்பதும் அதே ஹவுஸ்தான். ஆக, வாலி கண்ட காலி வீடுகள் வேறு. தமிழில் பெயர்த்தால் பாதி நகைச்சுவை உதிர்ந்துவிடும்.

இதைக் கேட்கும்போது, சிரிப்பவர்களுக்கு அந்த வசனம் பாத்திரத்துடையதா நடிகருடையதா என்ற பிரிவினை மறந்துபோகிறது. ஏனெனில் ஹோப்பும் அந்தக் காலி அரங்குகளில் உழன்று மேலே வந்தவர். 1903 மே 29 அன்று லண்டனின் எல்தம் பகுதியில் லெஸ்லி டவுன்ஸ் ஹோப் என்ற பெயரில், ஏழு மகன்களில் ஐந்தாவதாகப் பிறந்தார், தந்தை கல்தச்சர். குடும்பம் 1908இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குடியேறியது. நடனம், சில நாள் குத்துச்சண்டை, வாட்வில், 1933இல் பிராட்வேயின் 'ராபர்ட்டா' நாடகம், 1938இல் முதல் முழுநீளப் படம், அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பெப்சொடென்ட் பற்பசை நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சி என்று பாதை நீண்டது.

இரண்டாவது வசனம்: இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறீர்களா என்று கேட்டால், ரிபப்ளிகன் கட்சிக்காரர்களைப் போலவா என்று திருப்பிக் கேட்கிறார். 1936 அதிபர் தேர்தலில் டெமாக்ரட் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக இரண்டே மாநிலங்களை வென்று புதைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தக் கட்சி, 1938 நாடாளுமன்றத் தேர்தலில் நிறைய இடங்களைப் பிடித்து எழுந்தது. அன்றைய செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையேறும் வானொலிக்காரரின் நகைச்சுவை இது. பேய் மாளிகையின் இருட்டுக்குள்ளும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

24 அக்டோபர், வியாழன்

ஹோப் தம் நினைவுகளில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில் சான்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடலில் பாலெட் காடர்டைச் சந்தித்தாராம். உடன் இருந்தவர் அவருடைய துணைவர் சார்லி சாப்ளின். எடுத்து முடித்த காட்சிகளைப் பார்த்திருந்த சாப்ளின், நகைச்சுவையின் காலக்கணக்கைத் தாம் கண்டவரை மிக நன்றாக அறிந்தவர்களில் ஒருவர் என்று ஹோப்பைப் பாராட்டியிருக்கிறார். சிறுவயதில் சாப்ளினைப் போல நடித்துக்காட்டித் திரிந்த கிளீவ்லாந்துப் பையனுக்கு அதைவிடப் பெரிய விருது இருந்திருக்க முடியாது.

காலக்கணக்கு என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வாலி கையில் ஆயுதமோ துணையோ இல்லாமல் இருட்டுக்குள் காலெடுத்து வைக்கும் இடங்களைப் பார்க்கலாம். அவர் பேசி முடித்ததும் சிரிப்புக்காகக் காத்திருப்பதில்லை. மூச்சு விடுவதைப் போல வசனத்தை விட்டுவிட்டு, குரல் அடங்குவதற்குள் அடுத்த அடியை வைத்துவிடுகிறார். பேச்சு அவருக்கு விளக்கு. அது அணைந்தால் இருட்டு முழுதாகத் தெரிந்துவிடும் என்பது போல விடாமல் பேசுகிறார். அதோடு, அவர் எப்போதும் முன்னால்தான் போகிறார். வீட்டை விட்டு ஓடிப்போக அவருக்கு வாய்ப்பு இருந்தும், ஜாய்ஸ் இருக்கும் திசையில் நடுங்கிக்கொண்டே நடக்கிறார். அக்கா மகளுக்கு இன்று தொலைபேசியில் சொன்னேன்: நிஜமாகவேதான் பயப்படுகிறார், அதனால்தான் பேசுகிறார்.

"அப்படியென்றால் நான் பரீட்சைக்கு முந்தின நாள் பேசுவதைப் போலவா?" என்றாள்.

27 அக்டோபர், ஞாயிறு

படம் வெற்றி பெற்றதும் பாரமவுண்ட் அதே ஜோடியைக் கொண்டு 1940இல் 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' எடுத்தது. இயக்கியவர் ஜார்ஜ் மார்ஷல். இம்முறை ஹோப் வானொலி அறிவிப்பாளர், மாளிகை கியூபாவில். உயிரில்லாத கண்களோடு, என்ன செய்கிறோம் என்று அறியாமல், சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்து திரியும் நடைப்பிணங்களைப் பற்றி ஒருவர் விவரிக்க, டெமாக்ரட் கட்சிக்காரர்களைப் போலவா என்கிறார் ஹோப். சென்ற ஆண்டின் கணக்கை நேர் செய்துவிட்டார்.

பலர் இதை முதல் படத்தைவிடச் சிறந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்காரராக வரும் கறுப்பின நடிகர் வில்லி பெஸ்டுக்குச் சிரிப்பின் கணக்கு ஹோப்புக்கு இணையாகக் கைவந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஹாலிவுட் அவருக்கு எழுதிக்கொடுத்தவை பெரும்பாலும் அவர் நிறத்தைக் கிண்டல் செய்யும் வசனங்கள். இருவரும் ஒரே பயத்தைத்தான் நடிக்கிறார்கள். ஒருவர் பயம் அன்புக்குரியதாகவும் மற்றவர் பயம் ஏளனத்துக்குரியதாகவும் காட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு முழுதாகச் சிரிக்க இயலவில்லை.

31 அக்டோபர், வியாழன்

எலியட் நுஜென்ட் மீண்டும் ஹோப்பை இயக்கிய 'மை ஃபேவரிட் புருனெட்' (1947) இன்று பார்த்தேன். குழந்தைகளைப் படமெடுக்கும் புகைப்படக்காரர் துப்பறிவாளர் ஆக ஆசைப்படுகிறார். எதிர் அறையில் உண்மையான துப்பறிவாளராக ஆலன் லாட் ஒரு காட்சிக்கு மட்டும் வந்துபோகிறார். பீட்டர் லாரி கத்தி எறியும் வில்லன். சான் குவென்டின் சிறையில் தூக்குத்தண்டனைக்கு நிகரான நச்சுவாயு அறைக்காகக் காத்திருக்கும் ஹோப் தம் கதையைப் பத்திரிகையாளர்களிடம் சொல்வதாகப் படம் நகர்கிறது. 'தி கேட் அண்ட் தி கனேரி'யின் இருட்டு இதில் இல்லை. பயம் இங்கே வெறும் விளையாட்டுப் பொருளாகிவிட்டது, வசனங்கள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன.

கடைசி நிமிடத்தில் அவர் விடுதலையாகிறார். ஏமாற்றத்தோடு முகம் திருப்பும் தண்டனை நிறைவேற்றுநர் யாரென்று பார்த்தால், திரையிலும் வானொலியிலும் ஹோப்பின் நிரந்தரக் கேலித் தோழரான பிங் கிராஸ்பி. முதல் படத்தில் சுவருக்குள் இழுக்கப்பட்டு மாண்ட வழக்கறிஞரின் பெயரும் கிராஸ்பி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயர் 1922 நாடகத்திலேயே இருந்ததுதான், தற்செயல்தான். இருந்தாலும், எட்டாண்டுகளாகக் காத்திருந்து பழிவாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் போலத் தோன்றி, அறையில் தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.