ஆச்சி கேட்ட ரெண்டடி

"ஊரணியை இன்னும் ரெண்டடி தோண்டச் சொல்லு தம்பி, டீசல் காசு நான் தாரேன்"னு ஆச்சி சொன்னாக, நான் வேண்டாம் ஆச்சின்னேன். வேண்டாம்னதுல இப்பவும் எனக்கு மாத்துக்கருத்து இல்ல, அதுக்கப்புறம் நடந்த பேச்சுதான் உறுத்துது.

ஜேசிபி பக்கெட்ல வண்டல் முடிஞ்சு சாம்பல் கலர் களி வர ஆரம்பிச்சிருச்சு, கையில உருட்டினா உருண்டை பிடிக்குது, உடையல. ஊரணிக்கு அதுதான் தரை. அதுக்குக் கீழ செம்புறாங்கல்லு, பொத்தல் பொத்தலா இருக்கும், அங்க போயிட்டா தண்ணி நிக்காது. இவ்வளவுதான் விஷயம். ஆனா எனக்கு இந்த சப்ஜெக்ட்னா வாய் நிக்காது, ஸ்பெயினுக்கே போயிட்டேன்.

வடக்கு ஸ்பெயின்ல பிகோஸ் டி யூரோப்பா மலை, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சு குழியும் குகையுமா ஆக்கி வச்சிருக்கு, பெய்யிறது உள்ள இறங்கிரும். அப்பேர்ப்பட்ட இடத்துல, ஆயிரம் மீட்டருக்கு மேல, எனோல், எர்சினான்னு ரெண்டு குட்டி ஏரி நிக்குதுன்னா, ஒரு காலத்துல பனியாறு இழுத்துட்டு வந்து போட்ட களியும் கல்லும் அடைச்சு நிக்கிறதாலதான். 1918-லயே தேசியப் பூங்கா ஆன இடம். எர்சினா ஆழமே இல்லாதது, செடி மண்டிக் கிடக்கும், நம்ம கண்மாய்ல நீந்துற அதே நாமக்கோழி அங்கயும் நீந்தும். அந்த மலையில ஒரு தேரை, ஆம்பளைதான் முட்டைச் சரத்தைப் பின்னங்கால்ல சுத்திக்கிட்டு பொரியிற நேரம் வரைக்கும் சுமக்கும்னேன், ஆச்சி சிரிச்சாக.

சிரிச்சு முடிச்சு, "அங்க பனி உருகித் தண்ணி வருது. இங்க ஊரணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல வீடு கட்டிட்டாக. உன் களிமண்ணு எதைத் தாங்கப் போகுது?"ன்னாக.

வரத்துக்கால் எங்க எஸ்டிமேட்லயே கிடையாது, அது வேற டிபார்ட்மெண்ட், அதை நான் எப்படி அவுகள்ட்ட சொல்றது. ரெண்டடி கூட்டியிருந்தாலும் வராத தண்ணி வந்திராதுல்ல? ஆனா ஊரணி பங்குனியிலேயே வத்திருச்சு, ஊர்ல ஆழம் பத்தலைங்கிறாக. வந்த கொஞ்சத் தண்ணியும் ஒரு பக்கமா ஆழத்துல நின்னிருந்தா வெயில் கம்மியாக் குடிச்சிருக்குமோன்னு ராத்திரி தோணும், காலையில களியை உடைச்சிருந்தா அதுவும் நின்னிருக்காதேன்னு தோணும். ஆச்சி மட்டும் இன்னைவரைக்கும் ஆழத்தைப் பத்திப் பேசல.

அடுத்த ஊரணிக்கு எஸ்டிமேட் கேட்டிருக்காக. இந்த வாட்டி மொதல்ல வரத்துக்காலோரமா நடந்து பாத்தேன், பாதி வழியில ஒரு காம்பவுண்டு சுவரு. ஃபார்ம்ல அதை எழுத கட்டமே இல்ல, 'இதர'ன்னு இருக்கிறதுல எழுதி வச்சிருக்கேன், ஆபீஸ்ல அந்த வரியை அடிச்சிருவாகன்னு நினைக்கிறேன்.