ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஐசிடி: டியூப்பைக் கழுவுவதில்தான் சூட்சுமம்

தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் டாக்டர் சீட்டில் ஐசிடி என்று எழுதியிருப்பார். தாயின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஆன்டி-டி, அதாவது ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடி, இருக்கிறதா என்று பார்க்கும் மறைமுகக் கூம்ப்ஸ் டெஸ்ட் இது. சாம்பிள் எடுக்கும் முன் லேபில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: “ஆன்டி-டி ஊசி போட்டாச்சாம்மா?” தாயின் உடல் தானாக ஆன்டி-டி உருவாக்காமல் தடுக்க 28-வது வாரத்தில் போடும் 300 மைக்ரோகிராம் ஊசிக்குப் பிறகு வந்தால், ஊசியில் போன ஆன்டி-டியே டெஸ்ட்டில் பாசிட்டிவ் காட்டும். வீட்டில் எல்லோரும் வீணாகப் பதறிப்போவார்கள். முதலில் சாம்பிள், அப்புறம் ஊசி.

டியூப்பில் 2 சொட்டு சீரம், அதோடு 5 சதவீத ஓ பாசிட்டிவ் செல் சஸ்பென்ஷன் (சலைனில் மிதக்கும் சிவப்பணுக்கள்) 1 சொட்டு. 37 டிகிரியில் 45 நிமிடம் வைக்கிறோம். பிறகு சலைன் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, கொட்டி, மூன்று நான்கு முறை கழுவ வேண்டும்.

தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கழுவியபின் விடும் கூம்ப்ஸ் சீரம் (ஆன்டிபாடியைப் பிடித்துச் செல்களைத் திரள வைக்கும் திரவம்) பிடிக்க வேண்டியது செல்மேல் ஒட்டிய ஆன்டிபாடியை. சரியாகக் கழுவாவிட்டால் சலைனில் மிதக்கும் மிச்ச ஐஜிஜி (ஆன்டிபாடியின் ஒரு வகை) கூம்ப்ஸ் சீரத்தை முன்னாலேயே தீர்த்துவிடும். பாசிட்டிவ் சாம்பிளும் நெகட்டிவாகத் தெரியும். கடைசிக் கழுவலில் டியூப்பைக் கவிழ்த்து, விளிம்பில் தொங்கும் சொட்டையும் துணியில் ஒற்றி எடுங்கள். கழுவிய டியூப்பைக் காத்திருக்க வைக்கவும் கூடாது; ஒட்டிய ஆன்டிபாடி கழன்றுவிடும்.

உடனே 2 சொட்டு கூம்ப்ஸ் சீரம் விட்டு, சுற்றி, டியூப்பை மெல்லச் சாய்த்து அடியில் படிந்த சிவப்புப் பொட்டைப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் புகைபோலச் சீராகக் கலையும். பாசிட்டிவ் என்றால் துணுக்குத் துணுக்காக உடையும். வேகமாகக் குலுக்கினால் லேசான திரள் கலைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும்.

நெகட்டிவ் வந்த ஒவ்வொரு டியூப்பிலும் ஐஜிஜி பூசிய செக் செல் 1 சொட்டு விட்டு மறுபடி சுற்றுகிறோம். இப்போது கட்டாயம் திரள வேண்டும். திரளவில்லை என்றால் அந்த நெகட்டிவ் செல்லாது, முதலிலிருந்து செய்தாக வேண்டும். வேலை நெருக்கடியில் இந்தப் படியைத் தாண்டுவதை எங்களால் ஏற்கவே முடியாது. ஒரு பொய் நெகட்டிவ், வயிற்றிலிருக்கும் குழந்தையின் ரத்தசோகையைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

பாசிட்டிவ் என்றால் எந்த ஆன்டிபாடி என்று உறுதிசெய்துவிட்டு, சீரத்தை இரட்டித்து நீர்க்கச் செய்து டைட்டர் (எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் திரள்கிறது என்ற எண்) பார்க்கிறோம். பல இடங்களில் 16 தான் எச்சரிக்கை எல்லை. அதைத் தொட்டால், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கக் குழந்தைக்கு டாப்ளர் ஸ்கேன். அடுத்த முறை பார்க்கும்போது, உறைய வைத்திருக்கும் பழைய சாம்பிளையும் பக்கத்திலேயே போடுங்கள். 8 என்பது 16 ஆவது டெஸ்ட்டின் ஊசலாட்டமாகவும் இருக்கலாம். 8 என்பது 32 ஆனால் உண்மையான ஏற்றம், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள்.