ரயில்வே வரலாறு: இரண்டாம் முறை நான் படித்த விதம்

ரயில்வே வேலைக்கான ஆர்.ஆர்.பி. என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். அதில் 40 பொது அறிவு. ஒரு தப்பு விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். முதல் தடவை எழுதியபோது ரயில்வே வரலாறு என்று என்னிடம் இருந்தது ஒருவரிக் குறிப்புகள் நிறைந்த ஒரு நோட்டு மட்டும்தான். 1905, 1924, 1951 எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் விடைகளில் 1924-ம் 1925-ம் அடுத்தடுத்து நின்றால் கை ஓடாது. அந்த முறை கட் ஆஃபைத் தாண்டவில்லை.

அப்புறம் வழி காட்டியவர் என் பெரியப்பா. பொன்மலை பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்க தாத்தா வேலைக்குச் சேர்ந்தப்ப அது கம்பெனி ரயிலுடா, கவர்மென்ட்டு ரயில் இல்ல" என்றார். கம்பெனி ரயில் எப்போது, ஏன் அரசாங்க ரயில் ஆனது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் முதலிலிருந்து படித்தேன்.

1853 ஏப்ரல் 16-ல் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கி.மீ. ஓடிய ரயில் ஒரு லண்டன் கம்பெனியுடையது. முதலீட்டுக்கு 5 சதவீத வருமானம் நிச்சயம் என்று அந்தக் கம்பெனிகளுக்கு அரசு உறுதி தந்திருந்தது. நிலமும் இலவசம். வருமானம் குறைந்தால் இங்குள்ள வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டுவார்கள். நட்டமே வராது என்று தெரிந்தால் யார் சிக்கனமாகக் கட்டுவார்கள்? செலவு எகிறியது. பிறகு அரசே பாதை போட இறங்கியது. செலவைக் குறைக்க 1870-களில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டரே இடைவெளி உள்ள குறுகிய பாதை வந்தது. நம் ஊர்ப் பக்கம் அவ்வளவு மீட்டர் கேஜ் இருந்ததற்கும், 1992-ல் ஒரே அகலப் பாதையாக மாற்றும் திட்டம் தேவைப்பட்டதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு கேஜ் பற்றிய கேள்விகளை நான் தனியாகப் படிக்கவே இல்லை.

இத்தனை கம்பெனிகளையும் மேற்பார்க்க ஓர் அமைப்பு வேண்டுமே, அதனால் 1905-ல் ரயில்வே வாரியம். முதல் உலகப் போரில் ரயில்கள் தேய்ந்துபோயின. என்ன செய்யலாம் என்று பார்க்க 1920-ல் அமைக்கப்பட்டது ஆக்வொர்த் குழு. அது சொன்னவற்றில் இரண்டு முக்கியம்: ரயில்வே கணக்கைப் பொதுக் கணக்கிலிருந்து பிரியுங்கள், நிர்வாகத்தை அரசே எடுங்கள். முதலாவது 1924-ல் நடந்தது. இரண்டாவது 1925-ல் தொடங்கியது; ஈஸ்ட் இந்தியன், கிரேட் இந்தியன் பெனின்சுலா இரண்டும் அரசு நிர்வாகத்துக்கு வந்தன. 24 பணம், 25 நிர்வாகம். அதற்கப்புறம் எனக்கு இந்த இரண்டும் குழம்பவில்லை. பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியதும் அதே 1925, பிப்ரவரி 3.

தாத்தா வேலை பார்த்த சவுத் இந்தியன் ரயில்வே அரசு நிர்வாகத்துக்கு வந்தது 1944-ல். 1951 ஏப்ரல் 14-ல் அது மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே ஆகியவற்றோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. நாட்டின் முதல் மண்டலம் நம்முடையது என்பதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

'முதல்' என்று வரும் கேள்விகளில் அவசரப்படாதீர்கள். செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிவரப் பாதை போட்டது 1837. முதல் பயணிகள் ரயில் 1853. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, 1856 ஜூலை 1. கேள்வியில் 'பயணிகள்' இருக்கிறதா, 'தென்னிந்தியா' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஒருமுறை ராயபுரம் நிலையத்துக்குப் போய் வாருங்கள். அந்தச் சிவப்புச் சுவரையும் உயரமான தூண்களையும் நேரில் பார்த்த பிறகு அந்த வருடம் எனக்கு மறந்ததே இல்லை.

மற்றவை சில்லறை: பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) 1955, அரியலூர் விபத்தும் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகலும் 1956, தனி ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது 2017.

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு வருடங்களை மட்டும் எழுதி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்பு போட்டு, அம்பின் மேல் காரணத்தை நாலே சொல்லில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை காரணங்களை மறைத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். இதற்குப் பத்து நாள் போதும். மீதி நாட்கள் கணக்குக்கும் ரீசனிங்குக்கும் வேண்டும், அங்கே தலா 30 கேள்வி இருக்கிறது.