மை தெரியாத விரல்கள்

2019 ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல். மறுநாள் காலை எங்கள் முந்திரிக் கம்பெனி வாசலில் ஒரு அக்கா இடது கை ஆள்காட்டி விரலை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாருங்க தம்பி, போட்டுட்டேன், தெரியுதா?" எனக்குத் தெரியவில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்து உரியும். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் நகக்கண் வரைக்கும் கறுப்பு ஏறிவிடும். இருபது வருடமாகக் கொட்டை உடைக்கும் விரல் அது. மைசூரில் தயாராகி 25-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகிற அந்த மை, அவர் விரலில் மட்டும் பிடிபடாமல் போனது.

பண்ருட்டிப் பக்கம் அந்தக் கம்பெனியில் நான் ஏற்றுமதி டாக்குமென்ட் பார்க்கிறவன், 2009-லிருந்து. வீடு புதுச்சேரி, பாகூர் கொம்யூன். தினமும் முள்ளோடை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, கடலூரில் இறங்கி, பண்ருட்டி பஸ் பிடிப்பேன். நெல்லிக்குப்பம் வந்தால் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துதான் போகும். என் மேசையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், தாவர நலச் சான்று. ஒரு இருபதடி கன்டெய்னருக்கு 700 பெட்டி, பெட்டிக்கு 22.68 கிலோ, அதாவது 50 பவுண்டு. இந்த வியாபாரம் இன்னும் பவுண்டில்தான் பேசுகிறது. டபிள்யூ-320 தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300-லிருந்து 320 முழுப் பருப்பு நிற்க வேண்டும் என்று கணக்கு.

உலகமயத்தால் யாருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் எனக்கு 2011 டிசம்பர் 30 தான் நினைவுக்கு வரும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய விடியற்காலை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு படுத்துவிட்டன. புதுக் கன்று நட்டுப் பலன் பார்க்க வருடங்கள் ஆகும். அது வரைக்கும் உடைக்கிற பெண்கள் எங்கே போவார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடியிலிருந்து லாரிகள் வந்தன. 80 கிலோ சணல் மூட்டைகள், அபிஜான் துறைமுகத்தில் ஏறிய ஐவரி கோஸ்ட் கொட்டை. அதற்கு முன்பும் ஆப்பிரிக்கக் கொட்டை வந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் நம்மூர் மகசூல் மார்ச் முதல் மே வரை, மிஞ்சிப்போனால் சில மாதத்துக்குத்தான் காணும். அந்த வருடம் அதுவே முழுச் சோறு போட்டது. யாரோ முகம் தெரியாத ஒரு விவசாயி காயவைத்து அனுப்பிய கொட்டையை உடைத்துத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வருடம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அதைக் கண்ணால் பார்த்த என்னால், வெளிநாட்டு வியாபாரம் என்றாலே சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது.

இது புதிதும் அல்ல. மணிலாக்கொட்டையை, அதாவது வேர்க்கடலையை, மல்லாட்டை என்று சொல்லிக்கொண்டு நம்முடையதாகவே ஆக்கிவிட்டோம், முந்திரியே பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான். அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்த்த 'கினி' துணி செனகலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசின் வாங்க ஏறக்குறைய பணம் மாதிரியே புழங்கியது. அன்றைக்கு இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் துணி, இன்றைக்கு அங்கிருந்து இங்கே கொட்டை.

ஆனால் வந்த காசு யார் கைக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கப்பல் தீர்மானிப்பதில்லை. புதுச்சேரிக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த பிறகுதான் எட்டு மணி நேர வேலை என்பது இந்த மண்ணில் சட்டமானது. துணி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கடல் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

2021 கடைசியில் ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளர் ஆடிட் வைத்தார். கழிப்பறை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றோடும், தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி. இல்லை. மேலே இருந்து சொன்னார்கள், நான் எழுதினேன்: ஐந்து பேர் பெயர், மூன்று கூட்டங்களின் தேதி, பேசியது என்ன, முடிவு என்ன. நடக்காத கூட்டத்துக்கு நடந்த மாதிரி மினிட்ஸ். கையெழுத்து வாங்கப் போனபோது, மேலே சொன்ன அதே அக்கா தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்: "எங்களக் கேட்டா தம்பி எழுதுனீங்க?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பன்னிரண்டு வருடம் அவர்கள் உடைத்த பருப்புக்குத்தான் நான் காகிதம் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. மறுநாள் மேலாளரிடம் போய், ஆடிட்டர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் மாட்டிக்கொள்வோம், ஆர்டர் போய்விடும், நிஜமாகவே தேர்தல் வைத்துவிடலாம் என்றேன். நியாயம் என்று பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார், ஆர்டர் என்றதும் கேட்டார்.

பருப்பு அடைக்கும் 11.34 கிலோ தகர டின்கள் குடோனில் பழசு கிடந்தன, இப்போதெல்லாம் வெற்றிடப் பைதான். ஒன்பது பேர் நின்றார்கள், ஒன்பது டின். எழுதத் தெரியாதவர்கள் பலர் என்பதால் ஒவ்வொரு டின்னிலும் ஒரு படம் ஒட்டினோம், குடை, அரிவாள்மனை, குத்துவிளக்கு என்று. 1951-52 முதல் பொதுத் தேர்தலிலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதில் சின்னம், இப்படித்தான் நடந்தது. ஆளுக்கு ஒரு கொட்டை. தார்ப்பாய் மறைப்புக்குள் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். தகரத்தில் கொட்டை விழுகிற 'டங்' சத்தம் வெளியே கேட்கும், எந்த டின் என்று தெரியாது. சிலர் உள்ளே போய் ரொம்ப நேரம் யோசித்தார்கள், வெளியே நின்றவர்கள் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. குடைக்கு விழுந்த கொட்டைதான் அதிகம். குடை அந்த அக்காவின் சின்னம்.

முதல் கூட்டத்தில் அவர் கேட்டது கூலி உயர்வு இல்லை. எடைமேசையில் இருக்கும் மெஷினின் எண்கள் சூப்பர்வைசர் பக்கம் பார்த்திருக்கின்றன, அதைத் திருப்பி வையுங்கள் என்றார். அவ்வளவுதான். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குத் தங்கள் எடை எவ்வளவு என்று இத்தனை வருடம் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது, பார்த்துத் தெரிந்ததில்லை! அன்றைக்கே திருப்பி வைத்தார்கள். அப்புறம் கையுறை வந்தது, கூலியும் கொஞ்சம் ஏறியது. வியட்நாமில் எல்லாம் மெஷின், விலையில் அவர்களோடு மோத முடியவில்லை என்ற பேச்சு அப்போதும் வந்தது, அது நிஜமும்கூட. ஐவரி கோஸ்ட்காரர்களும் கொட்டையாக விற்காமல் அங்கேயே உடைத்துப் பருப்பாக்கி விற்கப் பார்க்கிறார்கள். அங்கே இருக்கிற பெண்களுக்கும் வேலை வேண்டாமா, அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. நாளைக்கு மூட்டை வராமல் போகலாம். அப்போது என்ன செய்வது என்று உட்கார்ந்து பேச இப்போது குழு ஒன்று இருக்கிறது.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் அவர் ஓடு எரிக்கிற புகையைப் பற்றிப் பேசினார், எங்கள் கம்பெனிப் புகைதான். ஊராட்சித் தலைவர் அதைச் சபைத் தீர்மானமாக எழுதினார். இரண்டு மாதத்தில் புகைபோக்கியை உயர்த்தினார்கள், தீர்மான நகல் என் ஃபைலில் இன்னும் இருக்கிறது. அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க ஊருக்கு யாரு தம்பி தலைவரு?" என்று கேட்டார். எங்கள் ஊருக்குத் தலைவர் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அப்புறம் 38 வருடம் கழித்து 2006-ல். என் முதல் ஓட்டே அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டதுதான். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. 2021-ல் தேதியே அறிவித்தார்கள், வார்டு ஒதுக்கீட்டுக் குழப்பத்தில் அதுவும் நின்றது. சட்டமன்றத்துக்கு, நாடாளுமன்றத்துக்கு எல்லாம் ஒழுங்காக ஓட்டுப் போடுகிறோம். தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் பதில் சொல்ல நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஒரு ஆறு தாண்டினால் அப்போது இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. இதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் கோபம் வராமல் போனதுதான் எனக்குப் பெரிய பயம். பழகிவிட்டது.

தமிழ்நாட்டுப் பக்கமும் 2016-லிருந்து 2019 கடைசி வரை, தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். அந்த மாதமே ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அக்கா என் மேசைக்கு வந்தார். அவர் தெருவில் குழாய் உடைந்து பத்து நாள் ஆகியிருந்தது. "இனிமே நீங்கதான் சொல்லணும் தம்பி. தலைவரு இல்லாத ஊருல நீங்கள்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?"

மனுவை இரண்டு பிரதியாக எழுத வேண்டும் அக்கா, ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் பதினான்கு வருடமாகக் கற்றுக்கொண்டது அதுதான். அவர் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் இன்வாய்ஸ்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அவரைக் கேட்டுத்தான் எழுதினேன்.