தேதி கட்சியும் மூக்கு கட்சியும்

எங்கள் வீட்டில் அலமாரியைச் சுத்தம் செய்கிறோம் என்றால் பஞ்சாயத்து கூடப்போகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் தேதி முடிந்த பிஸ்கட்டுக்குப் பேய் பிடித்துவிடும் என்று மனதார நம்புகிறவர். இன்னொரு பக்கம் என் மாமியார். அவருக்குத் தேதியும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், மூக்கு போதும். நடுவில் குப்பைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நான்.

முதலில் சிக்கியது ஒரு பிஸ்கட் பாக்கெட். அதில் தேதியைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சரியாக ஒட்டு மடிப்பின் மேல் குத்தியிருந்தார்கள். பாதி எண் மடிப்புக்குள், மீதி எண் மை கலைந்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. மூன்றாம் மாதம் என்றால் முடிந்துபோனது. எட்டாம் மாதம் என்றால் இன்னும் உயிர் இருக்கிறது.

“மூணுதான். தூக்கிப் போடு” என்றார் இவர்.

“ஏண்டா, பிரிச்சுக்கூடப் பாக்காம?” அத்தை பாக்கெட்டை வாங்கிக் கிழித்து, ஒன்றை வாயில் போட்டு நிதானமாக மென்றார். “லேசா நமுத்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

இவர் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது ஆகிறதா என்று.

ஒன்றும் ஆகாது. இந்த விஷயத்தில் நான் அத்தை கட்சி. பிஸ்கட், பாஸ்தா, உப்பு, சர்க்கரை மாதிரி ஈரமில்லாத சாமான்களில் போட்டிருப்பது பெரும்பாலும் ‘இந்தத் தேதிக்கு முன் சாப்பிட்டால் நன்றாக இருக்கும்’ என்கிற தேதி. அதுவரை மொறுமொறுப்பும் மணமும் குறையாது என்று தயாரித்தவர் சொல்கிறார், அவ்வளவுதான். மறுநாளே அது விஷமாகிவிடாது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்று பச்சை இறைச்சியிலோ மீனிலோ போட்டிருந்தால் அது வேறு கதை. அங்கே விளையாட்டு கூடாது. குழந்தைகளுக்கான பால் பவுடரும் அந்த வரிசைதான். தேதி தாண்டினால் அதில் சத்தும் சொன்ன அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்து வந்தது சாக்லேட். காகிதத்தைப் பிரித்ததும் மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. “பூஞ்சக்காளான்!” என்று இவர் ஒரு அடி பின்னால் போனார். நான் விரலால் தேய்த்துக் காட்டினேன். வெள்ளை மறைந்து பழுப்பு வந்தது. வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது கோகோ வெண்ணெய் மேலே வந்து அப்படிப் படியும். பார்க்கத்தான் நன்றாக இருக்காது, சாப்பிடலாம். ரொட்டியில் பச்சையாகப் பூத்தால்தான் பயப்பட வேண்டும். அந்த ஓரத்தை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது அத்தையின் நெடுநாள் பழக்கம். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும் என்று எத்தனை தடவை சொன்னாலும், “எங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?” என்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

கூத்து நடந்தது வறுத்த பாதாம் பாக்கெட்டில். தேதி முடிய இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. ஆனால் யாரோ பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்புக்கு மேல் தட்டில் சொருகியிருந்தார்கள். திறந்ததுமே குப்பென்று சிக்கு வாடை. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதப் போடும்மா” என்றார்.

“தேதி இருக்கேம்மா!”

“நீயே தின்னு.”

கொள்கைக்காக மனுஷன் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் லேசாக நீர் கோத்தது. “கொஞ்சம்... அழுத்தமா வறுத்துட்டாங்க போல” என்றாரே தவிர, கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கெட்டுக்குள் நைட்ரஜனை அடைத்து ஆக்சிஜனை வெளியேற்றி வைப்பதே எண்ணெய்ச் சத்துள்ள பண்டம் சிக்கு அடிக்காமல் இருக்கத்தான். பிரித்து அடுப்புச் சூட்டில் வைத்த பிறகு அதில் குத்திய தேதிக்கு என்ன மரியாதை? அதை இவரிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர்தான் கொடுத்தேன்.

அத்தை ஜெயித்த மிதப்பில் இருக்கும்போதுதான் அடித்தட்டின் மூலையிலிருந்து ஒரு பீன்ஸ் டின் வந்தது. மூடி வெளிப்பக்கமாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய்த் திரும்ப வந்தது.

“ஓப்பனர் குடு. மோந்து பாத்தா தெரிஞ்சுடும்.”

நானும் இவரும் ஒரே நேரத்தில் டின்னைப் பிடுங்கினோம். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை. காற்றில்லாத டின்னுக்குள் வளரக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா விடுகிற நஞ்சு, நரம்பையே முடக்கிப் போடும். துளி போதும். வாடை வரும் என்றும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் குளிரிலேயே பெருகுகிற லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவும் அப்படித்தான், எந்த மூக்குக்கும் அகப்படாது. அதனால் உப்பிய டின்னை, தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், திறக்காமலே கழித்துவிடுவதுதான் சரி.

“சும்மா மோந்து பாக்கக்கூடவா கூடாது?” என்று அத்தை குப்பைப் பை வரைக்கும் கூடவே வந்தார்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பெரிய ஓட்ஸ் டப்பா. உடம்பைக் குறைக்கிறேன் என்று இவர் சபதம் போட்ட காலத்தில் வாங்கியது. சீல் உடையவில்லை. தேதி தாண்டி கொஞ்ச நாள்தான். பிரித்துப் பார்த்தேன், பூச்சி இல்லை, சிக்கு இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன்.

இவர் தேதியை மறுபடி ஒருமுறை பார்த்தார். “வேணாம், ரிஸ்க்கு.”

அத்தை டப்பாவுக்குள் முகத்தை விட்டு நன்றாக மூச்சை இழுத்தார். “ஏதோ ஒரு மாதிரி வாடை வருது” என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒரே தீர்ப்பு சொன்னது. நாளைக் காலை எனக்கு மட்டும் ஓட்ஸ்.